எதிர்த்தாள் சொன்ன சாட்சி

புத்தகத்தில் ஒரு தாள் இல்லை. அதனால் தூபா என்ற பெண் இரண்டு நாளாகக் காவல் நிலையத்தில் இருந்தாள். இன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய கோப்பு அரசு வழக்கறிஞரிடம் போகிறது. போய்விட்டால் புகார் கொடுத்தவரே நினைத்தாலும் லேசில் திரும்ப வாங்க முடியாது.

மணி பதினொன்றே கால்.

"உக்காருங்க தம்பி. டீ ஆறுது" என்றார் ஹாஜி மிஸ்பாஹி.

ஸியாமக் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் புத்தகம் இருந்த மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

"அவர் உக்கார மாட்டார் ஹாஜி. நீங்க டீயைப் பத்திக் கவலைப்படாதீங்க, அதை நான் கவனிச்சுக்கறேன்" என்று நொஸ்ரத் இரண்டாவது கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பது வருஷம் இஸ்ஃபஹானுக்கும் ஷிராஸுக்கும் பேருந்து ஓட்டியவர். ஸியாமக்கின் மாமனார். மகள் இறந்து போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மருமகன் போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த அன்று, கூப்பிடாமலே தன் பழைய பைக்கான் காரோடு வந்து வாசலில் நின்றார். இருவரும் வீட்டில் தங்குவதில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை.

"என்ன நடந்தது, ஹாஜி? சுருக்கமா" என்றான் ஸியாமக்.

கம்பள வியாபாரிகளுக்குச் சுருக்கமாகப் பேச வராது. ஹாஜி தன் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கினார். நானூறு வருஷத்துக் கவிதைப் புத்தகம். ஓர் இளவரசனுக்கும் தோட்டக்காரன் மகளுக்கும் நடந்த காதல் கதை. மூன்று படங்கள். முதுகுத் தையல் விட்டுப்போனதால், பழைய நூல்களைப் பழுது பார்க்கும் தூபாவிடம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துத் துணியில் சுற்றித் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் நாற்பத்திரண்டாம் தாள் இல்லை. அதிலிருந்த படமும் இல்லை.

"என்னம்மா இதுன்னு கேட்டேன். வாயே திறக்கல. போலீஸ்கிட்டயும் பேசல. 'நான் எடுக்கல'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம்ல? கல்லு மாதிரி உக்காந்திருக்கா!"

"என் சம்சாரம் ஒரு நாள் அப்படி உக்காந்திருந்தா. நானே போய் மன்னிப்புக் கேட்டேன், என்ன தப்புன்னு தெரியாமலேயே" என்றார் நொஸ்ரத்.

ஹாஜி அவரைக் கண்டுகொள்ளவில்லை. "சனிக்கிழமை டெஹ்ரான்லேர்ந்து நிபுணர் வர்றார். ஒரு அருங்காட்சியகம் வாங்கப்போகுது. மூணு படம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். என் மானமே போகுது தம்பி!"

"தொலைஞ்ச படத்துக்குப் போட்டோ இருக்கா?"

இருந்தது. ஆற்றங்கரைத் தோட்டம். படத்தின் முக்கால்வாசி பச்சை. சினார் மரம், புல், சைப்ரஸ், அவற்றின் நடுவே தண்ணீர் மொள்ளக் குனிந்த பெண். வேலிக்குப் பின்னால் குதிரைமேல் இளவரசன். பெண்ணின் முகத்தை மட்டும் வரைந்தவன் அவசரப்படாமல் வரைந்திருந்தான்.

ஸியாமக் போட்டோவை ஜேப்பில் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தான். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவே கத்தி பட்ட தடமே இல்லை. விரல் அகலத்தில் ஒரு பட்டைக் காகிதம் மட்டும் சுத்தமாகத் தைக்கப்பட்டிருந்தது. தாளை அதில் ஒட்டினால் சரியாக உட்காரும்.

பிறகு அவன் செய்த காரியம் ஹாஜிக்குப் புரியவில்லை. காணாமல் போன படத்தை விட்டுவிட்டு, இருக்கும் இரண்டு படங்களைப் புரட்டினான். பதினேழாம் தாள், ஒரு திராட்சைப் பந்தல். அதை விரல்நுனியால் மெல்லத் தள்ளி, எதிரே இருந்த தாளைப் பார்த்தான். அறுபத்துமூன்றாம் தாளிலும் அப்படியே. கடைசியில் நாற்பத்துமூன்றாம் தாளுக்கு வந்தான். வெளிச்சத்தில் சாய்த்தான். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றான்.

"இந்தத் தாளை யாராவது சுத்தம் செஞ்சாங்களா?"

"எதுக்கு? அதுல என்ன அழுக்கு இருக்கு?"

"அதான். ஒண்ணுமே இல்ல" என்றான் ஸியாமக். "வாங்க மாமா."

---

பைக்கான் சந்திலிருந்து வெளியே வருவதற்குள் இரண்டு தடவை நின்றது.

"மாப்ளே, ஏதோ கண்டுபிடிச்சிருக்கீங்க. உங்க காது சிவந்திருக்கு. சொல்லிடுங்க, நான் கெஞ்ச மாட்டேன். சரி, கெஞ்சறேன்."

"அந்தக் காலத்துப் பச்சையைச் செம்புலேர்ந்து எடுப்பாங்க. அது காகிதத்தை மெல்ல மெல்லத் தின்னும். புத்தகம் மூடியிருக்கும்போது எதிர்த்தாளையும் விடாது. திராட்சைப் பந்தலுக்கு எதிர்ல இருக்கற தாள்ல ஒரு பந்தலே பழுப்பா நிழல் அடிச்சிருக்கு. அறுபத்துமூணுக்கு எதிர்லயும் அப்படித்தான்."

"நாற்பத்துரெண்டுக்கு எதிர்ல?"

"பால் மாதிரி சுத்தம்."

நொஸ்ரத் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். "நானூறு வருஷம் பக்கத்து வீட்டுல ஒரு தோட்டமே இருந்திருக்கு, இந்த வீட்டுக்காரிக்குத் தெரியாதா? எங்க தெருவுல ஒருத்தன் ஒரு ரோஜாத் தொட்டி வாங்கினா, அன்னிக்கே ஏழு வீட்டுக்கு விலை தெரியும்!"

"அங்கே படமே இருந்ததில்ல. அந்தக் காலத்துல எழுதறவன் எழுதிட்டு, படத்துக்குச் சட்டம் போட்டு இடம் விடுவான். ஓவியன் வராமலே போயிடுவான். பல புத்தகத்துல அப்படியே காலியாக் கிடக்கும். இதுல யாரோ சமீபத்துல அந்த இடத்தை நிரப்பியிருக்காங்க."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. ஹாஜி பொய்ப் படம் போட வெச்சார். நிபுணர் வர்றார்னதும் பயந்து தானே உருவிட்டு, பழியை அந்தப் பொண்ணு மேல போட்டார். மாப்ளே, நான் சாப்பிடாமலே இதைக் கண்டுபிடிச்சேன். சாப்பிட்டிருந்தா யோசிச்சுப் பாருங்க."

"அவர் உருவல. உருவியிருந்தா கிழிச்சிருப்பார். அந்தப் பட்டை..." ஸியாமக் நிறுத்திக்கொண்டான். "இருக்கட்டும். முதல்ல வரைஞ்சவன் வேணும். அவன் வாயைத் திறந்தா ஹாஜி புகாரை வாபஸ் வாங்குவார்."

"இந்த ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஓவியன் மேலதான் விழும். எங்கேன்னு தேட?"

"ஹூஷங்கைக் கேப்போம்."

ஹூஷங் தூபாவின் கணவன். நேற்றுக் காலை அழுது வீங்கிய கண்ணோடு வந்து, அவளை வெளியே கொண்டு வாருங்கள் என்று ஸியாமக்கின் கையைப் பிடித்தவன் அவன்தான்.

---

ஹூஷங்கின் வீட்டு முற்றத்தில் ஒரு மாதுளை மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் விளிம்பில் ஒரு வெள்ளைப் பூனை. அவன் தரையில் உட்கார்ந்து, சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும், எலும்பால் செய்த சின்னப் பெட்டிகளுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தான். பார்த்ததும் எழுந்தான்.

"விட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல. உங்களுக்குப் பழைய பாணியில வரையறவங்களைத் தெரியுமா? பார்த்தா நானூறு வருஷம்னு நம்பற மாதிரி."

அவன் கையிலிருந்த கீலை விரலில் உருட்டினான். பிறகு ஹூஷங் மூன்று பெயர் சொன்னான். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். ஒருவருக்குக் கண் தெரியாது. மூன்றாமவர் இறந்துவிட்டார்.

"அருமையான பட்டியல். இவங்களை விசாரிக்க நாம விமானத்துல போகணும், அப்புறம் கல்லறைக்கு" என்றார் நொஸ்ரத். அவர் அதற்குள் பூனையைத் தூக்கி மடியில் வைத்திருந்தார்.

"நீங்க வரையறதில்லையா?"

"விட்டு ரெண்டு வருஷமாச்சு ஐயா. அதுல சோறு கிடைக்கல. இப்ப பெட்டிதான்."

"தம்பி, பூனைக்கு யார் முடி வெட்டினது? எனக்கே இப்படி ஒரு நாவிதன் கிடைச்சான். காசு குடுத்துட்டுத் தொப்பி வாங்கினேன்" என்றார் நொஸ்ரத்.

ஸியாமக் திரும்பினான். பூனையின் பிடரியில், இடது காதுக்குப் பின்னால், ஒரு நாணய அகலத்துக்கு முடி குட்டையாக இருந்தது. ஒட்ட நறுக்கி, பாதி வளர்ந்த முடி.

இந்த ஊர் ஓவியர்கள் தூரிகையைக் கடையில் வாங்குவதில்லை. வெள்ளைப் பூனையின் பிடரி முடியைக் கொஞ்சம் கத்தரித்து, புறா இறகின் தண்டில் செருகிக்கொள்வார்கள். கண் இமையை ஒவ்வொரு மயிராக வரைய அது ஒன்றுதான் வளையும்.

"எலும்புப் பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு மெல்லிசான பிரஷ்?" என்றான் ஸியாமக்.

ஹூஷங்கின் கையிலிருந்த கீல் கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"ஹாஜி வந்தார்" என்றான். "காலி இடம் ஒண்ணு இருக்கு, அழகா ஒண்ணு போட்டுக் குடுன்னார். விக்கப்போறார்னு சொல்லல. சத்தியமாச் சொல்லல. வீட்டுல வெச்சுப் பாக்கன்னார். அவர் வீட்டு மாடியிலேயே மூணு மாசம் வரைஞ்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஐயா. கை நின்னுச்சு. நடுங்கல. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தூபாவுக்குத் தெரியாதா?"

"பழுது பாக்கற வேலைன்னு சொல்லியிருந்தேன். விதியைப் பாருங்க, அந்தப் பாவி அதே புத்தகத்தை அவகிட்டயே தைக்கக் குடுத்திருக்கார்."

"இப்ப புரியுது!" நொஸ்ரத் எழுந்தார். பூனை குதித்து ஓடியது. "நேத்தே இதைச் சொல்லியிருந்தா நேத்தே அவங்க வீட்டுக்கு வந்திருப்பாங்களே அப்பா! கண்ணு வீங்க அழத் தெரியுது, வாய் திறக்கத் தெரியலியா?"

"சொன்னா எனக்கு ஜெயில். அவ என்னைப் பாக்கவே விடல. 'நீ போலீஸ் பக்கம் வராதே'ன்னு மட்டும் ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினா."

ஸியாமக் மாதுளை மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "புத்தகம் அவங்ககிட்ட வந்த அன்னிக்கு வீட்டுல என்ன பேசினாங்க?"

"ஒண்ணும் பேசல. சாப்பிடக்கூட இல்ல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டா. பச்சையை எதுல குழைச்சேன்னு."

"எதுல குழைச்சீங்க?"

"வேலம்பிசின்லதான். எப்பவும் அதுதானே."

ஸியாமக் நின்றுவிட்டான். நொஸ்ரத் அவனுடைய காதைப் பார்த்தார்.

"மணி என்ன மாமா?"

"பன்னிரண்டு நாற்பது. எங்க?"

"ஹாஜி வீட்டுக்கு. வேகமா."

---

ஹாஜி மதியத் தூக்கத்தில் இருந்தார். நொஸ்ரத் அழைப்பு மணியில் கட்டை விரலை வைத்து அழுத்தி, எடுக்க மறந்தவர்போல நின்றார். கோடு போட்ட பைஜாமாவோடு ஹாஜியே கதவைத் திறந்தார்.

ஸியாமக் நேராகப் புத்தகத்திடம் போனான். பதினேழுக்கு எதிர்த்தாளைக் காட்டினான். அறுபத்துமூன்றுக்கு எதிர்த்தாளைக் காட்டினான். நாற்பத்துமூன்றைக் காட்டினான். பழைய பச்சை எதிர்த்தாளைத் தின்னும் என்று இரண்டே வரியில் சொன்னான்.

"சனிக்கிழமை வர்றவர் முதல்ல இதைத்தான் பார்ப்பார் ஹாஜி. படம் இருந்திருந்தா, ஜெயிலுக்குப் போறது தூபா இல்ல. மூணு படம்னு கையெழுத்துப் போட்ட ஆள்."

ஹாஜியின் முகத்திலிருந்து தூக்கம் போயிற்று. மெல்லத் திண்டில் சாய்ந்தார்.

"அப்ப... அந்தத் தாள் தொலைஞ்சதால..."

"நீங்க பிழைச்சீங்க. இப்ப ரெண்டு படம், ஒரு காலி இடம்னு திருத்தி எழுதிக் குடுங்க. புகாரை வாபஸ் வாங்குங்க."

"எப்படி வாங்கறது? பஜார் பூராவும் தெரியும், நான் ஒரு பொம்பளையை உள்ள வெச்சேன்னு. இப்ப போய்த் தப்பா சொல்லிட்டேன்னு சொன்னா காறித் துப்ப மாட்டாங்களா? நாலு பேர் நடுவுல நான் எப்படி நடக்கறது?"

ஒரு மணி பதினைந்து. ஸியாமக் ஜன்னலுக்கு நடந்தான், திரும்பினான். அவனிடம் ஆதாரம் இருந்தது. ஆனால் இந்த மனிதரின் மானத்துக்குப் போட ஒரு சட்டை இல்லை.

நொஸ்ரத் தொண்டையைக் கனைத்தார்.

"ஹாஜி, அந்தம்மா புத்தகத்தை எடுத்துட்டுப் போக வந்தப்போ, அந்தப் படத்தை அழகா இருக்குன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னா. கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னா. அப்புறம் அழகா இருக்குன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? உங்களுக்கே எடுத்துக்குங்கன்னேன்."

"எத்தனை தடவை?"

"என் தகப்பன் என்னை அப்படி வளக்கல. மூணு தடவை சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் ஹாஜிக்குத் தன் காதிலேயே அது விழுந்தது. இந்த ஊரில் விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும், அது உங்களுக்கே என்று சொல்வது மரியாதை. கடைசிவரை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. எதற்கும் அர்த்தம் கிடையாது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூன்று தடவை சொன்னதை, நான் சும்மா சொன்னேன் என்று வெளியே ஒப்புக்கொண்ட ஆள் இஸ்ஃபஹானில் இன்னும் பிறக்கவில்லை.

"அப்ப நீங்க குடுத்துட்டீங்க ஹாஜி. பெரிய மனசு. குடுத்ததையே மறந்துட்டீங்க, அதான் புகார். வயசாச்சுன்னா எனக்கும் மறக்குது. பஜார்ல நாளைக்கு இதைத்தான் பேசுவாங்க, மிஸ்பாஹி ஹாஜி நானூறு வருஷத்துப் படத்தைத் தூக்கிக் குடுத்துட்டு மறந்து போனார்னு" என்றார் நொஸ்ரத்.

ஹாஜி கூரையைப் பார்த்தார். அங்கே அந்தப் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுபோல அவர் முகம் தெளிந்தது.

"என் கோட்டை எடுங்க" என்றார்.

"பைஜாமா, ஹாஜி?"

"கோட்டு நீளம்தான்! நடங்க!"

---

ஆற்றுப் பாலத்துச் சாலையில் வண்டிகள் நின்றிருந்தன. நொஸ்ரத் முப்பது வருஷத்துப் பேருந்துக்காரராக மாறினார். நடைபாதையில் ஒரு சக்கரம், ஹாஜியின் வாயில் பிரார்த்தனை. ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் காவல் நிலைய வாசலில் பைக்கான் இருமி நின்றது. கோப்பு சிவப்பு நாடா கட்டி மேசையின் ஓரத்தில் இருந்தது. அதை எடுத்துப் போக வந்த காவலர் தொப்பியைக்கூடப் போட்டுவிட்டார். ஹாஜி நின்றபடியே எழுதிக் கையெழுத்திட்டார். அதிகாரி கோட்டின் கீழே தெரிந்த கோடுகளைப் பார்த்தார். சிவப்பு நாடாவை அவிழ்த்தார்.

தூபா வெளியே வந்தாள். சின்ன உருவம், கறுப்புத் துணியின் நடுவே வெளுத்த முகம். ஸியாமக் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் முதல் தடவை போலத் தோன்றவில்லை. ஹாஜி அவளுக்குத் தலை குனிந்து, உங்கள் நிழல் குறையாமல் இருக்கட்டும் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வாடகை வண்டியில் ஏறித் தப்பினார்.

தூபா பைக்கானில் பின்னால் ஏறினாள். இரண்டாவது திருப்பத்தில் ஸியாமக் கேட்டான்.

"தாள் காஞ்சிருக்குமா?"

நொஸ்ரத் பிரேக்கை மிதித்தார். "எந்தத் தாள்?"

தூபா கண்ணாடி வழியாக ஸியாமக்கைப் பார்த்தாள். "இன்னிக்குக் காஞ்சிருக்கும்" என்றாள்.

அவளுடைய பட்டறை வீட்டுக்குப் பின்புறத்து அறை. போலீஸ் கலைத்துப் போட்ட காகிதங்கள் தரையெங்கும் கிடந்தன. அவள் சுவரோரம் இருந்த ஒரு பலகையைத் தூக்கினாள். அடியில் கம்பளித் துணி. துணிக்குள் ஒரு பழந்தாள். மேலேயும் கீழேயும் நான்கு வரி கவிதை, நடுவே பொன் சட்டம். சட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

"அடப் பாவமே" என்றார் நொஸ்ரத். "நான் உங்களுக்காக ஒருத்தரைப் பைஜாமாவோட ஓட வெச்சிருக்கேன் அம்மா. நீங்க நிஜமாவே எடுத்திருக்கீங்க!"

"என்கிட்ட பழுது பாக்கத்தானே குடுத்தாங்க? பாத்தேன்."

"போலீஸ் இந்த அறையைத் தேடலியா?"

"தேடினாங்க. இதைக் கையில எடுத்துப் பாத்துட்டு வெச்சுட்டாங்க. அவங்க தேடினது படம்."

ஸியாமக் குனிந்து பார்த்தான். ஒரு எழுத்தும் கரையவில்லை. மையும், தண்ணீர் பட்டால் கரையும் அதே வேலம்பிசினில் குழைத்ததுதான். ஒரு துளி வழிந்திருந்தால் கவிதை போயிருக்கும். ஈரப் பஞ்சால், சட்டத்துக்குள் மட்டும், நெல் அகலம் நெல் அகலமாகத் துடைத்திருக்கிறாள்.

"நிபுணர் வர்றதுக்குள்ள துடைச்சு, அந்தப் பட்டையில ஒட்டிடலாம்னு பாத்தேன்" என்றாள். "ஹாஜி முன்னாடியே ஆள் அனுப்பிப் புத்தகத்தை வாங்கிக்கிட்டார். தாள் அப்போ ஈரமா இருந்துச்சு. என்ன சொல்ல? எடுக்கலன்னா பொய். எடுத்தேன்னா ஏன்னு கேப்பாங்க."

வாசலில் நிழல் விழுந்தது. ஹூஷங். உள்ளே வரவில்லை. பலகைமேல் இருந்த தாளைப் பார்த்தான். காலிச் சட்டத்தைப் பார்த்தான்.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அந்தப் பொண்ணோட முகம்?"

"அதைக் கடைசியா எடுத்தேன்." தூபா கலைந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள். "ரெண்டு நாள் விட்டு வெச்சிருந்தேன். நல்லாத்தான் வரைஞ்சிருந்தே. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிட்டே. எனக்கு அவ்வளவு அழகான மூக்கு எப்போ இருந்துச்சு?"

ஸியாமக் ஜேப்பிலிருந்த போட்டோவைத் தொட்டான். எடுக்கவில்லை.

ஹூஷங் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூபா நிமிரவில்லை. ஒரு மண் கிண்ணத்தை எடுத்து, தரையில் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"மாவு அலமாரியில இருக்கு. பசை காய்ச்சு. கெட்டியா வேணாம், தண்ணியா. சனிக்கிழமைக்குள்ள ஒட்டணும்."

அவன் செருப்பைக் கழற்றினான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.